யூகேஜி அசிஸ்டன்ட் மிஸ் வேலை: கேக்கறது டீச்சர் படிப்பு, சம்பளம் 6500

கேள்வி, 8 ஜூன் 2025

தங்கச்சி டி.டி.எட். (ரெண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ) முடிச்சிருக்கா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளும் பாஸ். திருப்பூர்ல எங்க வீட்டுப் பக்கத்து பிரைவேட் ஸ்கூல்ல யூகேஜிக்கு அசிஸ்டன்ட் மிஸ் வேணும்னு போர்டு வெச்சிருந்தாங்க. மாசம் 6500. மாண்டிசோரி சர்டிபிகேட் இருந்தாத்தான் எடுப்பாங்களாம், ஒரிஜினல் எல்லாம் குடுத்து வெக்கணுமாம். சின்னப் புள்ளைங்கள பாத்துக்கறதுதானே, லேசான வேலை, வீட்டுல சும்மா இருக்கறதுக்குப் போகட்டும்னு அப்பா சொல்றாரு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

8 ஜூன், இரவு 10.40

லேசான வேலைன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. நான் 2014 ஜூன்ல இருந்து 2020 மார்ச் வரைக்கும் திருப்பூர்லதான் இந்த வேலை பாத்தேன், ஸ்கூல் பேரு வேண்டாம். 38 புள்ளைங்க, ஒரு கிளாஸ் மிஸ், அசிஸ்டன்ட் நான். காலைல 8.20க்கு வேன் வந்து நின்னா எறங்கறப்பவே ரெண்டு அழுவும், ஒண்ணு வாந்தி எடுத்திருக்கும், ஒண்ணோட ஷூ வலது எடது மாறியிருக்கும். மிஸ் போர்டுல எழுத ஆரம்பிச்சா நான் பின்னாடி ஒவ்வொருத்தர் கையா புடிச்சு எழுத வெக்கணும், நடுவுல மூணு பேரு பாத்ரூம் கேப்பாங்க, கேக்காமயே ஒருத்தன் போயிருப்பான், அவன கூட்டிட்டுப் போயி கழுவி ஸ்பேர் டிரவுசர் மாட்டி வர்றதுக்குள்ள ஸ்நேக்ஸ் டைம் வந்துரும், 38 டப்பா மூடியும் நாந்தான் தொறக்கணும். சாயங்காலம் 38 டைரி. அதுக்கப்பறம் கேட்ல நின்னு எந்தப் புள்ளைய யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு ஒவ்வொரு மொகமா பாத்து அனுப்பணும், அதுல ஒரு தடவ தப்பு பண்ணுனாலும் ஆயுசுக்கும் தூக்கம் வராது.

6500ஐ 26 நாளுக்கு வகுத்துப் பாருங்க. நாளைக்கு 250 ரூபா.

8 ஜூன், இரவு 11.15

ஒரிஜினல குடுக்க வேண்டாம். இத மொதல்லயே சொல்லியிருக்கணும். ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டுக் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வந்துரச் சொல்லுங்க. என்னோட பிளஸ் டூ மார்க்‌ஷீட்டும் டி.டி.எட். சர்டிபிகேட்டும் ஆறு வருஷம் ஆபீஸ் பீரோல இருந்துச்சு. நடுவுல ஒரு வேலைக்கு இன்டர்வியூ வந்தப்ப கேட்டேன், வருஷம் முடியட்டும்மான்னாங்க. அந்த வேலை போயிருச்சு.

10 ஜூன்

இந்த மாண்டிசோரி சர்டிபிகேட் விஷயம். சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு முறைய உண்டாக்குன மாண்டிசோரி அம்மா 1939ல மெட்ராஸ் அடையாறுக்கே வந்து டீச்சருங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தவங்க, அந்த முறையில முழுசா பயிற்சி எடுத்தவங்க வேலைய பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா நம்ம ஊருல போர்டுல கேக்கறது அது இல்லீங்க. மாடியில ரெண்டு ரூம் வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம மட்டும் கிளாஸ் நடத்தி வருஷக் கடைசில குடுக்கற பேப்பர். நான் அப்பவே 14,000 கட்டி வாங்குனேன். 4500 சம்பளத்துக்குச் சேந்தவ, மூணு மாச சம்பளத்துக்கு மேல அந்தப் பேப்பருக்கே குடுத்திருக்கேன்.

சட்டப்படி என்ன வேணும்னா, என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014ல சொன்னது: ப்ரீ ஸ்கூலுக்கு பிளஸ் டூல 50 சதவீதம், அதோட ரெண்டு வருஷம் நர்சரி இல்லன்னா ப்ரீ ஸ்கூல் டிப்ளமோ, அதுவும் இல்லன்னா நர்சரி பி.எட். இது டீச்சருக்கு. அசிஸ்டன்ட் மிஸ்னு ஒரு வரியே அதுல இல்ல. இல்லாத பதவி, அதனால தகுதிய அவங்கவங்க இஷ்டத்துக்கு ஏத்திக்கலாம், சம்பளத்த அவங்கவங்க இஷ்டத்துக்கு எறக்கிக்கலாம், கேக்க ஆளில்ல. கல்வி உரிமைச் சட்டம் கட்டாயம்னு சொல்றது 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான், எல்கேஜி யூகேஜி அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்குது.

உண்மைய சொல்லணும்னா இந்த வேலைக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையே இல்ல. பொறுமையும் பாசமும் இருந்தா போதும்.

11 ஜூன், காலை

நேத்து கடைசில எழுதுனது தப்பு. ராத்திரி பூரா மனசு ஒத்துக்கல, வாபஸ் வாங்கிக்கறேன்.

2017ல ஒரு பாப்பா. கூப்பிட்டா திரும்ப மாட்டா, அடம்னு எல்லாரும் சொன்னாங்க. நேரா நின்னு பேசுனா சொன்னதச் செய்வா, பின்னாடி நின்னு கூப்பிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கலரடிச்சுட்டு இருப்பா. ரைம்ஸ் பாடறப்ப என் வாயவே பாத்துட்டு இருப்பா. டி.டி.எட்.ல சிறப்புக் குழந்தைங்க பத்தி ஒரு பாடம் உண்டு, காது கேக்காத புள்ளைங்கள எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு அதுல படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் அவளுக்குப் பின்னாடி போயி மெதுவா டிபன் டப்பா மூடிய தரையில போட்டுப் பாத்தேன். பக்கத்துல இருந்த மூணு பேரும் திரும்புனாங்க, அவ திரும்பல. அவங்கம்மா தயங்குனாங்க, அவங்க மாமியாருக்குத் தெரிஞ்சா புள்ளைக்கு கொறைன்னு சொல்லுவாங்கன்னு பயம். ரெண்டு வாரம் கேட்ல நின்னு பேசிப் பேசி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன். காதுக்குள்ள நீர் கோத்திருந்திருக்கு. சரியாயிருச்சு. அடுத்த டெர்ம்ல அந்தப் பாப்பா வாய மூடச் சொல்லி மிஸ் கெஞ்சற அளவுக்குப் பேசுச்சு.

பாசம் மட்டும் இருந்திருந்தா நானும் அடம்னுதான் நெனச்சிருப்பேன். படிப்பு வேணும். படிச்சவங்கதான் அந்த ரூம்ல நிக்கணும். நான் கேக்கறது, அந்தப் படிப்பக் கேக்கற எடத்துல அதுக்கு உண்டான காசையும் குடுக்கணும்கறது மட்டும்தான்.

11 ஜூன், மத்தியானம்

படிச்சும் கத்துக்காதது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். பீகார்ல இருந்து வந்த குடும்பத்துப் பையன், அப்பா துணிக்குச் சாயம் போடற டையிங்ல வேலை. முழு பென்சில குடுத்தா முஷ்டி மாதிரி புடிப்பான், எழுத்து பேப்பர கிழிச்சுட்டுப் போகும். எங்க ஸ்கூல்ல பல வருஷம் இருந்த ஆயாம்மாதான் சொன்னாங்க, பென்சில ஒடச்சுக் குடு கண்ணுன்னு. கட்ட வெரல் நீளத்துக்கு ஒடச்சுக் குடுத்தேன். அதுல மூணு வெரலுக்கு மேல எடமே இல்ல, தானா சரியா புடிச்சான். அப்பறம் கிளாஸ் பூரா பென்சில் துண்டுதான், பேரன்ட்ஸ் வந்து புது பென்சில ஒடச்சது யாருன்னு சண்டைக்கு வந்தாங்க.

அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பானின்னா தண்ணின்னு அவன்கிட்டதான் கத்துக்கிட்டேன். அவன் மொத மொதல்ல சொன்ன தமிழ் வார்த்த "மிஸ், இவன் தள்றான்."

14 ஜூன்

பனியன் கம்பெனில செக்கிங் போனாலே இத விட அதிகம் கிடைக்குமேன்னு சிலர் கேட்டிருந்தாங்க. கிடைக்கும். எங்க தெருவுல செக்கிங், கைமடிக்குப் போறவங்க சனிக்கெழம சனிக்கெழம சம்பளத்த எண்ணி வாங்கறாங்க, ஒன்றரை ஷிப்ட் பாத்தா அந்தக் காசு தனி. அது ஒண்ணும் சும்மா வரல. தொழிற்சங்கங்களும் முதலாளிங்க சங்கமும் உக்காந்து சம்பள ஒப்பந்தம் போடறாங்க, அது முடிஞ்சா மறுபடி பேசறாங்க. நமக்கு யாரு உக்காந்து பேசறாங்க? ஒரு ஸ்கூல்ல அசிஸ்டன்ட் மிஸ் நாலு பேரு இருப்போம், நாலு பேரும் நாலு சம்பளம், ஒருத்தர் சம்பளத்த இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சேர்றப்பவே சொல்லிருவாங்க.

அப்பறம் ஏன் அங்க போகலன்னு கேக்கறீங்க. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனதும் மொத நிறுத்துனது எங்களத்தான். ஆன்லைன் கிளாஸுக்கு அசிஸ்டன்ட் எதுக்குன்னுட்டாங்க. அந்த வருஷம் நான் எட்டு மாசம் செக்கிங் போனேன். துணிய லைட்டுல புடிச்சு ஓட்ட பாக்கறது. காசு நல்லாத்தான் வந்துச்சு, அந்த வேலையில ஒரு கொறையும் இல்ல. ஆனா பக்கத்து மெஷின்ல ஒரு அக்கா தன்னோட பையன் நோட்ட கொண்டு வந்து இத கொஞ்சம் சொல்லிக் குடுன்னு கேட்ட அன்னைக்கு, நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துட்டு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான். தெரிஞ்ச வேலைய செஞ்சு வாடகை கட்ட முடியணும்னு ஆசப்படறது பேராசையா?

15 ஜூன்

கவர்மென்ட்ல பாத்தாலும் இதே கததான். 2012ல பகுதி நேர ஆசிரியருங்க 16,549 பேரை எடுத்தாங்க, உடற்கல்வி, ஓவியம், கம்ப்யூட்டர், தையல்னு. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5000, மே மாசம் கிடையாது. 2021ல 10,000, 2024ல 12,500. பன்னெண்டு வருஷம். சேந்தப்ப கல்யாணம் ஆகாதவங்க இப்ப புள்ளைங்கள ஹைஸ்கூலுக்கு அனுப்பறாங்க.

எல்கேஜி யூகேஜிய 2,381 அங்கன்வாடில ஆரம்பிச்சாங்கல்ல, அதுக்கு 2022ல தற்காலிகமா சிறப்பாசிரியருங்கள போட்டாங்க, டி.டி.எட். மாதிரி ஆசிரியர் பயிற்சி கேட்டு, மாசம் 5000. இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப நானும் தன்னார்வலரா போனேன், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சொல்லிக் குடுக்க பிளஸ் டூ போதும், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாசம் 1000. அத நான் கொற சொல்ல மாட்டேன், சம்பளம்னு யாரும் சொல்லல, லாக்டவுன்ல எழுத்தே மறந்துபோன புள்ளைங்க எங்க திண்ணையில உக்காந்து மறுபடி படிச்சாங்க.

ஆனா ஒரே அங்கன்வாடில பாருங்க. பத்தாவது படிச்சா போதும்னு எடுக்கற உதவியாளருக்கு 4100ல ஆரம்பிச்சு 12,500 வரைக்கும் காலமுறை ஊதியம், அதாவது படிப்படியா ஏற்ற சம்பளம் இருக்கு, ரெண்டு வருஷம் பயிற்சி முடிச்சவங்களுக்கு வெறும் 5000 தொகுப்பூதியம், ஒரே மொத்தத் தொகை.

16 ஜூன்

நேத்து கடைசி வரி சில பேர வருத்தப்பட வெச்சிருக்கு. ஒரு அங்கன்வாடி உதவியாளர் அக்கா எழுதியிருந்தாங்க, "எங்களப் பாத்து ஏம்மா வயிறெரியற." அக்கா, மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு அதிகம்னு நான் சொல்ல வரல. நீங்க காலைல அடுப்பு பத்த வெக்கறதுல இருந்து புள்ளைங்களக் கூட்டியாந்து கழுவி ஊட்டற வரைக்கும் எல்லாத்தையும் பாக்கறீங்க, 4100 உங்களுக்கும் பத்தாது. மத்திய அரசு கணக்குல உதவியாளர் மதிப்பூதியம் 2018ல இருந்து 2250லயே நிக்குது, இங்க மாநிலம் தனியா காலமுறை போட்டதாலதான் இந்த அளவுக்காவது. நீங்க போராடி வாங்குனதக் காட்டி எங்களுக்கும் கேக்கணும்கறதுதான் என் எண்ணம், எழுதுன விதம் வேற மாதிரி ஆயிருச்சு.

18 ஜூன், ராத்திரி

குறைந்தபட்ச கூலிச் சட்டப்படி கேஸ் போடலாமேன்னு ஒரு தம்பி சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் நெனப்பு. எங்க சொந்தத்துல ஒரு வக்கீல் இருக்காரு, அவருகிட்ட உக்காந்து கேட்டேன். ரெண்டு தீர்ப்பு சொன்னாரு. 1988ல கோவாவுல சுந்தராம்பாள்னு ஒரு ஸ்கூல் டீச்சர், வேலைய விட்டு நிறுத்துனதுக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனவங்க. தொழிற்தகராறு சட்டப்படி டீச்சர் தொழிலாளி இல்லன்னு சொல்லிட்டாங்க. கல்வி குடுக்கறது ஒரு லட்சியம், உன்னதமான பணி, அத உடல் உழைப்புன்னோ குமாஸ்தா வேலன்னோ சொல்ல முடியாதுன்னு காரணம். 1996ல ஹரியானா கேஸ், குறைந்தபட்ச கூலிச் சட்டத்துக்குள்ளயும் டீச்சர் வரமாட்டாங்கன்னு.

நான் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன். உன்னதம்னு எழுதுன நீதிபதிங்க மனசுல மரியாதைதான் இருந்திருக்கும். அந்த மரியாதையே நாளைக்கு 250 ரூபாய தட்டிக் கேக்க முடியாத மாதிரி கதவ சாத்திருச்சேன்னுதான் நெஞ்சு அடைக்குது.

இன்னொண்ணு கேட்டாரு. "உன்ன ஆர்டர்ல என்னன்னு போட்டிருந்தாங்க?" ஆர்டரே குடுக்கல. பேரன்ட்ஸ் முன்னாடி மிஸ். ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஹெல்ப்பர்னு எழுதியிருந்தது ஒரு தடவ பாத்தேன். இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு நர்சரி டீச்சர், அன்னைக்கு மட்டும் சம்பளப் பட்டியல்ல 12,000க்கு கையெழுத்து.

21 ஜூன்

பிரைவேட் ஸ்கூல்னா வெளிய வந்தா ஒண்ணுமே கிடைக்காதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதுவும் தப்பு. கிராஜுவிட்டி (வேலைய விட்டு வர்றப்ப குடுக்கற பணிக்கொடை) உண்டு. 2009ல சட்டத்த திருத்தி 1997 ஏப்ரல் 3ல இருந்தே டீச்சருங்களையும் சேத்துட்டாங்க, பிரைவேட் ஸ்கூல் சங்கங்கள் எதுத்துப் போன கேஸ்ல 2022 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிருச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளருக்கும் கிராஜுவிட்டி உண்டுன்னு தீர்ப்பு வந்தது தனி. அஞ்சு வருஷம் முடிச்சிருக்கணும், பத்து பேராவது வேலை பாக்கற எடமா இருக்கணும். மிஸ்னு போட்டாலும் ஹெல்ப்பர்னு போட்டாலும் இதுல தப்பிக்க முடியாது. நாம எழுதிக் கேக்கலன்னாலும் கணக்குப் போட்டுக் குடுக்க வேண்டியது அவங்க கடமையாம்.

கடைசி சம்பளம் 7800. அத 15ஆல பெருக்கி 26ஆல வகுத்தா 4500. நான் அஞ்சு வருஷம் பத்து மாசம், ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷமா எடுத்துக்குவாங்க, அதனால ஆறு. 27,000.

அஞ்சு வருஷமா இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) புடிக்கறாங்களான்னும் கேளுங்க, தமிழ்நாட்டுல ஸ்கூலுக்கும் அது உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு அதுலதான் வரும். கூட வேலை பாத்த ஒரு பொண்ணு ஏழாம் மாசம் வரைக்கும் புள்ளைங்கள இடுப்புல தூக்கிட்டு நின்னா, அப்பறம் "நின்னுக்கம்மா, பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

23 ஜூன்

கிராஜுவிட்டி கேட்டு ஸ்கூலுக்கு ரிஜிஸ்டர் தபால்ல மனு அனுப்பிட்டேன், அக்னாலஜ்மென்ட் கார்டோட.

29 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்காரு. தங்கச்சி இன்டர்வியூ போயிருக்கா, ஒரிஜினல குடுக்க மாட்டேன், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எழுத்துல வேணும்னு கேட்டிருக்கா. "இப்பவே இப்படிப் பேசறியா"ன்னு அனுப்பிட்டாங்களாம். அப்பா கோவமா இருக்காராம். அப்பாகிட்ட சொல்லுங்க தம்பி, நான் 2014ல அந்தக் கேள்விய கேக்கல, அதனால என் கையில இன்னைக்கு ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. அவ கேட்டிருக்கா.

டெட் பாஸ் பண்ணுனவ இல்லையா, 2018 அரசாணை 149 வந்ததுல இருந்து அதுக்கு மேல ஒரு போட்டித் தேர்வும் எழுதணும், அதுக்குப் படிக்கச் சொல்லுங்க. நான் 2013ல டெட் பாஸ். அப்ப வெயிட்டேஜ் முறை, பிளஸ் டூ மார்க்குக்கு 15, டி.டி.எட்.க்கு 25, டெட்டுக்கு 60. அந்தக் காலத்து பிளஸ் டூ மார்க்குல நான் பின்னாடி போயிட்டேன். போன வருஷம் ஜூலை 21 பரீட்சையும் எழுதுனேன், ஹால்ல எனக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்திருந்த பொண்ணுக்கு என் வயசுல பாதி.

3 ஆகஸ்ட்

ஸ்கூல்ல இருந்து பதில் வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் மே மாசம் வேலையில இல்ல, அதனால தொடர்ச்சியான பணி கிடையாதாம். வருஷத்துக்கு 240 நாள் இருந்தா போதும்னு வக்கீல் சொல்றாரு. அதுவும் போக, மே மாசம் நான் வேலையில இல்லையா?

ஒவ்வொரு மேயும் அட்மிஷன் கேன்வாஸிங் போனோம் தம்பி. தெருவுக்கு ரெண்டு பேரு, வெயில்ல, கையில நோட்டீஸ், வீடு வீடா ஏறி "மூணு வயசு புள்ள இருக்குதுங்களா"ன்னு. அரைச் சம்பளம்.

10 ஆகஸ்ட்

பரண்ல தேடுனேன். கெடச்சுது. 40 பக்க நோட்டு மூணு, 2016, 2018, 2019 வருஷத்துது. தேதி, தெருப் பேரு, கதவு நம்பர், புள்ள வயசு, "வர்றாங்க", "யோசிக்கிறாங்க", "நாய் இருக்கு". ஒவ்வொரு நாள் பக்கத்துக்கு அடியிலயும் ஆபீஸ்ல சரி பாத்து பச்ச மையில போட்ட கையெழுத்தும் ஸ்கூல் ரப்பர் ஸ்டாம்பும். 2018 மே 14 பக்கத்துல ஒரு வீடு, "4 வயசு, பையன், பீகார், அப்பா டையிங்". பென்சில் ஒடச்சுக் குடுத்தேனே, அவன்தான். நான்தான் அவன அந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன், மறந்தே போச்சு.

24 ஆகஸ்ட்

தொழிலாளர் துறையில மனு எடுத்துக்கிட்டாங்க, அடுத்த மாசம் விசாரணைக்குத் தேதி. மூணு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டேன். காட்டறதுக்கு மட்டும்தான் ஒரிஜினல் எடுத்துட்டுப் போறேன்.